பிரைட்டனில் பர்ஸ் காலியாகாமல் சாப்பிட எங்கே போகலாம்?

மெட்ராஸ்_மீனா

எல்லோருக்கும் வணக்கம். வருகிற சனிக்கிழமை லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஒரு நாள் பயணம். நான், கணவர், 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். மாமியார் சுத்த சைவம். எனக்கும் பிள்ளைகளுக்கும் மீன் வேண்டும். கணவருக்கோ ஒரு நிஜமான பழைய பப்பில் உட்கார்ந்து ஒரு பைண்ட் பியர் குடித்தால்தான் வந்ததாக அர்த்தம்.

இரண்டு வருடம் முன்பு போனபோது நன்றாக ஏமாந்தோம். கடற்கரைச் சாலையில் ஒரு பளபளப்பான கடை. பெயர் வேண்டாம். வெளிமாவு பொன்னிறமாகத்தான் இருந்தது, முள்கரண்டியால் குத்தினால் உள்ளே மீன் ஜில்லென்று இருந்தது. எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக்கித் தந்தார்கள், மாவு ரப்பராகிவிட்டது. பில்லில் கேட்காமலே பன்னிரண்டரை சதவீதம் சேவைக் கட்டணம். அன்றைக்குக் கடல்காற்று வாங்கியதற்கும் சேர்த்துத்தான் கொடுத்தோம் போல.

ஐந்து பேரின் மதியச் சாப்பாடு 80 பவுண்டுக்குள் முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ட்ரஃபால்கர்_ராஜா

மீனா, இந்த ஊரில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். ஊரின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே குயின்ஸ் ரோடு. நேரே சரிவில் இறங்கினால் பதினைந்து நிமிடத்தில் கடல். லண்டனிலிருந்து வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்தச் சரிவில்தான் தண்ணீர் மாதிரி ஓடுவார்கள். ஓடி எங்கே போய்த் தேங்குகிறார்களோ அங்கேதான் வாடகையும் அதிகம், விலையும் அதிகம். மறுபடி வரப்போகிற வாடிக்கையாளர் என்று யாரும் இல்லாத இடத்தில் சமையல்காரருக்கு என்ன பயம்?

நீங்கள் ஸ்டேஷன் வாசலிலேயே இடது பக்கம் இறங்குங்கள். ட்ரஃபால்கர் தெரு. அதற்குத் தெற்கே நார்த் லேன் பகுதி. சிட்னி தெரு, கென்சிங்டன் கார்டன்ஸ், கார்ட்னர் தெரு என்று குறுகலான தெருக்கள். (கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் 'தி லேன்ஸ்' வேறு. அது பழைய மீனவர் ஊரின் சந்துகள், இப்போது நகைக்கடைகள். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலர் குழம்புவார்கள்.)

மீனுக்கு என் ஓட்டு பார்ட்ஸ்லிஸ். லண்டன் ரோட்டிலிருந்து பிரியும் பேக்கர் தெருவில், 1926 முதல் ஒரே குடும்பம் நடத்துகிறது. கடலே தெரியாது. பக்கத்தில் தெரிவதெல்லாம் பஸ் நிறுத்தமும் மளிகைக்கடைகளும்தான். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் உள்ளூர் முதியவர்கள். எண்பது வயதுப் பாட்டி தன் ஓய்வூதியத்தில் வாராவாரம் வந்து சாப்பிடுகிற கடையை நம்பலாம். வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலையோசை

ராஜா அண்ணா, ஒவ்வொரு தடவையும் இதையே சொல்கிறீர்கள். கடலுக்கு எதிரே இருப்பதெல்லாம் கொள்ளை என்பது அநியாயம். கிங்ஸ் ரோட்டில் ரீஜென்சி ரெஸ்டாரன்ட் எத்தனை பத்தாண்டுகளாக இருக்கிறது! எதிரே வெஸ்ட் பியர் என்ற பழைய கடல்பாலத்தின் இரும்பு எலும்புக்கூடு கடலுக்குள் நிற்கும். 1866இல் திறந்த பாலம், 1975இல் மூடினார்கள், 2003இல் தீப்பிடித்து மிச்சமும் போய்விட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே மீன் சாப்பிடுவதற்கு ஒரு தனி மதிப்பு இல்லையா? கடலே தெரியாமல் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப, இதற்குக் கடலே இல்லாத ஸ்லவ் ஊரிலேயே சாப்பிட்டிருக்கலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

ட்ரஃபால்கர்_ராஜா

ரீஜென்சியைக் குறை சொல்லமாட்டேன், அது விதிவிலக்கு. ஆனால் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஐந்து பேருக்கு ஜன்னலோர மேசை கிடைக்கும் என்று நினைக்கிறீர்களா? கடலைப் பார்க்கக் காசு வேண்டாம். சாப்பிட்டுவிட்டு நடந்து போய்ப் பார்க்கலாம், அது எங்கும் ஓடிப்போகாது.

தயிர்சாதம்

மாமியாருக்காக இரண்டு எச்சரிக்கை.

முதலாவது, மீன் வறுக்கிற கடையில் "சிப்ஸ் மட்டும் கொடுங்கள், அது உருளைக்கிழங்குதானே" என்று வாங்கித் தராதீர்கள். சில கடைகளில் மாட்டுக்கொழுப்பில் வறுப்பார்கள். தாவர எண்ணெய் என்றாலும், மீனும் சிப்ஸும் ஒரே சட்டியா என்று கேட்க வேண்டும். என் அம்மா இதைத் தெரிந்துகொண்ட அன்று ஒரு நாள் முழுக்க ஆப்பிள் மட்டும் சாப்பிட்டார்.

இரண்டாவது, சைவக்காரர்கள் பலருக்கே தெரியாத விஷயம். பீப்பாயிலிருந்து கைப்பம்பில் இழுத்துத் தரும் பாரம்பரிய பியர்களில் பலவற்றைத் தெளிய வைக்க ஐசிங்கிளாஸ் என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. மாமியார் குடிக்கப்போவதில்லை, சரி. ஆனால் இதைப் படிக்கிற "நான் முட்டை கூடத் தொடமாட்டேன், பியர் மட்டும்தான்" கோஷ்டிக்குச் சொல்லி வைக்கிறேன்.

நல்ல செய்தி என்னவென்றால், சைவக்காரர்களுக்கு இங்கிலாந்திலேயே இதைவிட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம். ட்ரஃபால்கர் தெருவிலேயே பிரின்ஸ் ஜார்ஜ் என்று ஒரு பப், அடுப்பில் மாமிசமே ஏறாது. அங்கே சிப்ஸுக்குச் சந்தேகமே வேண்டாம். பிரின்ஸ் ஆல்பர்ட் தெருவில் ஃபுட் ஃபார் ஃப்ரெண்ட்ஸ் 1981இலிருந்து இருக்கிறது, அருமையான சாப்பாடு, ஆனால் உங்கள் 80 பவுண்டில் அடங்காது. கல்யாண நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நார்த் லேனில் இன்ஃபினிட்டி ஃபுட்ஸ் கடை. 1971இல் ஆரம்பித்தது, வேலை செய்கிறவர்களே முதலாளிகளாக இருக்கும் கூட்டுறவு. அங்கே ரொட்டியும் பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் மாமியார் எங்கேயும் பட்டினி கிடக்கமாட்டார்.

ஃபால்மர்_பட்டினி

பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், வார இறுதியில் ஒரு சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன். உள்ளிருந்து பார்த்ததைச் சொல்கிறேன் அக்கா.

ஒன்று, குழாய்த் தண்ணீர் கேளுங்கள். மது விற்க உரிமம் உள்ள இடங்களில் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும், அது சட்டம். "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா" என்று கேட்கும்போது மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். ஐந்து பேர் ஆளுக்கொரு கோக் குடித்தாலே ஒரு மீன் சாப்பாட்டுக் காசு போய்விடும்.

இரண்டு, பில்லில் 'விருப்பத்தின் பேரில்' என்று போட்டிருந்தால் சேவைக் கட்டணத்தை எடுக்கச் சொல்லலாம். நன்றாகக் கவனித்தார்கள் என்றால் மட்டும் கொடுங்கள். 2024 அக்டோபரிலிருந்து டிப்ஸ் முழுவதையும் முதலாளி ஊழியர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது, அதனால் கொடுத்தாலும் வீணாகாது.

மூன்று, வாசலில் பச்சையும் கறுப்புமாக ஒட்டியிருக்கும் சுகாதார மதிப்பெண்ணைப் பாருங்கள். பூஜ்யம் முதல் ஐந்து வரை. வேல்ஸில் கட்டாயம் ஒட்ட வேண்டும், இங்கிலாந்தில் கட்டாயம் இல்லை. ஐந்து வாங்கினவன் ஒட்டாமல் இருப்பானா? ஒட்டவில்லை என்றால் போனில் தேடிப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

நாங்கள் மாணவர்கள் போவது லண்டன் ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓபன் மார்க்கெட். பல நாட்டுச் சாப்பாடு, நின்றபடியோ பக்கத்து மேசையிலோ சாப்பிடலாம். ஐந்து பேர் ஐந்து விதமாக வாங்கிக்கொண்டு ஒன்றாக உட்காரலாம், சண்டை வராது. கையில் காசே இல்லாத மாதக் கடைசியில் வெதர்ஸ்பூன், நாடு முழுக்கக் கிளைகள் உள்ள மலிவு பப். பானத்தோடு சேர்த்தே விலை போட்டிருப்பார்கள். சாப்பாடு எந்த ஊரில் சாப்பிட்டாலும் ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் அதன் பலமும் பலவீனமும்.

திருமதி_குமரனின்_கணவர்

மீனா அவர்களின் கணவருக்காகக் கேட்கிறேன் (எனக்காகவும்தான்). பப்புக்குள் போனால் என்ன செய்ய வேண்டும்? போன தடவை ஒரு மேசையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், யாரும் வந்து கேட்கவே இல்லை. நிறவெறியோ என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

ட்ரஃபால்கர்_ராஜா

ஐயோ பாவம். பெரும்பாலான பப்பில் யாரும் வரமாட்டார்கள் சார், நாமேதான் கவுண்டருக்குப் போக வேண்டும். வரிசை இருக்காது, ஆனால் யாருக்குப் பின் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். கையை ஆட்டாதீர்கள், நோட்டை நீட்டாதீர்கள், ஊழியரின் கண்ணைப் பார்த்தால் போதும். "இவர் எனக்கு முன்னால் வந்தவர்" என்று பக்கத்திலிருப்பவரைக் காட்டிவிட்டால் அன்று முழுக்க நீங்கள் அந்த ஊர்க்காரர். காசு அப்போதே கொடுத்துவிட வேண்டும், டிப்ஸ் வழக்கமில்லை. சாப்பாட்டுக்கு மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.

ஒரு பைண்ட் 568 மில்லி. அத்தனையும் வேண்டாம் என்றால் அரை பைண்ட் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கைப்பம்பு பியர் என்றால், வாங்குவதற்கு முன் கொஞ்சம் ருசி பார்க்கலாமா என்று கேளுங்கள், சின்னக் கிளாஸில் பெரும்பாலும் தருவார்கள். ஐஸ் போலக் குளிர்ந்திருக்காது. கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அது அப்படித்தான்.

இப்போது இடங்கள். ட்ரஃபால்கர் தெருவில் லார்ட் நெல்சன். அது ஹார்விஸ் பியர் ஊற்றும் பப். ஹார்விஸ், பக்கத்து ஊரான லூயிஸில் 1790இலிருந்து பியர் காய்ச்சுகிறவர்கள். சஸ்ஸெக்ஸ் பெஸ்ட் கேளுங்கள், நாலு சதவீதம்தான், மதியத்துக்குத் தாங்கும். பியர் பைத்தியங்களுக்கு ஸ்டேஷன் பக்கத்தில் சரே தெருவில் ஈவ்னிங் ஸ்டார். டார்க் ஸ்டார் என்ற பியர் நிறுவனம் 1994இல் அதன் நிலவறையில்தான் பிறந்தது. சாப்பாட்டை நம்பி அங்கே போகாதீர்கள், குடிக்க மட்டும்.

எனக்குப் பிடித்தது குளோஸ்டர் ரோட்டு மூலையில் இருக்கும் பாஸ்கெட்மேக்கர்ஸ் ஆர்ம்ஸ். சுவர் முழுக்கப் பழைய தகர டப்பாக்கள். பிஸ்கட் டப்பா, புகையிலை டப்பா, மிட்டாய் டப்பா. ஒவ்வொன்றையும் திறந்தால் உள்ளே யாரோ எழுதிப் போட்டுவிட்டுப் போன துண்டுச் சீட்டுகள். காதல் கடிதம், சாபம், தொலைபேசி எண், படம். ஒரு பைண்டோடு இரண்டு மணி நேரம் போவது தெரியாது. பொழுதுபோக்குக்குத் தனியாகச் செலவில்லை.

பிள்ளைகளைக் கூட்டிப் போவதாக இருந்தால் முன்னாலேயே போன் செய்து கேளுங்கள். பெரியவர்கள் கூட இருந்தால் சட்டம் தடுக்காது, ஆனால் ஒவ்வொரு பப்புக்கும் ஒரு வழக்கம். சமையலறை பல இடங்களில் மூன்று மணி வாக்கில் ஓய்வெடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஹோவ்_அன்ரி

பிள்ளை மீனா, நான் யாழ்ப்பாணத்து ஆள், பிரைட்டனுக்குப் பக்கத்து ஊரான ஹோவ்வில் இருக்கிறன். மீன் பற்றி ஒருவரும் வடிவாகச் சொல்லவில்லை, அதனால் வந்தேன்.

காட், ஹாடக் எல்லாம் இந்தக் கடல் மீன் என்று நினைத்துச் சாப்பிடாதேங்கோ. பெரும்பாலும் நோர்வே, ஐஸ்லாந்துப் பக்கத்தில் பிடித்துக் கொண்டுவருவது. பலகையில் 'ராக்' என்றோ 'ஹஸ்' என்றோ எழுதியிருந்தால் விடாதேங்கோ. அது என்ன தெரியுமோ? எங்கட சுறா. சின்னச் சுறா வகை. முள் கிடையாது, நடுவில ஒரு குருத்தெலும்பு மட்டும், கையால் இழுத்தால் முழுதாகக் கழன்று வரும். சின்னப் பிள்ளைகளுக்குப் பயமில்லாமல் குடுக்கலாம். காட் மீனை விட விலையும் பல இடத்தில் குறைவு. வெள்ளைக்காரர் பலர் இப்ப அதை மறந்துபோனார்கள், நல்லதாய்ப் போச்சு. நான் இரண்டு துண்டு மாவைக் கழட்டிப்போட்டு வீட்டை கொண்டுபோய், உதிர்த்துச் சுறாப்புட்டும் செய்திருக்கிறன்.

ஆனால் கவனம், கடற்கரையில் 'பிரைட்டன் ராக்' என்று விற்பது சீனிக்குச்சி, ரோஸ் கலரில். என்ர பேரன் மீன் கடையில "ராக்" எண்டு கேட்டு, தட்டில சுறா வந்து சேர, அழுத அழுகை!

வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனால் கடற்காகம் வரும். பின்பக்கமாகத்தான் வரும், பொதியோட தூக்கிக்கொண்டு போயிடும். சுவரில முதுகைச் சாய்த்து நில்லுங்கோ. வந்தால் கண்ணை எடுக்காமல் பாருங்கோ. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் 2019இல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மனிசர் முறைத்துப் பார்த்தால் சிப்ஸ் பொதிக்கிட்ட வர அதுக்குச் சராசரியாக 21 விநாடி கூட எடுக்குதாம். 21 விநாடி காணும், ஒரு மீன் துண்டை விழுங்க.

க்ராய்டன்_கருவேப்பிலை

இவ்வளவு பேச்சுக்குப் பதிலாக நல்ல தோசை எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்லக்கூடாதா?

தயிர்சாதம்

க்ராய்டன்காரர் பிரைட்டனுக்கு வந்து தோசை தேடுவது, மதுரைக்காரர் மாமல்லபுரம் போய் ஜிகர்தண்டா கேட்பது மாதிரி. திரும்பும்போது அதே ரயில் ஈஸ்ட் க்ராய்டனில் நிற்கும், இறங்கி உங்கள் தெருவிலேயே சாப்பிடுங்கள்.

ஃபால்மர்_பட்டினி

மீனா அக்கா, கடைசியாக ஒன்று. அன்றைக்குப் பிரைட்டன் கால்பந்து அணியின் மைதானத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்டேஷனைச் சுற்றியுள்ள பப்பெல்லாம் நீலமும் வெள்ளையுமாக நிரம்பிவிடும், உட்கார இடம் கிடைக்காது. அப்புறம் நவம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டுவதற்கு முன் பேலஸ் பியர் என்ற கடல்பாலத்துக்குப் போய்விடுங்கள். நம் மைனா இனத்துப் பறவைகள் ஆயிரக்கணக்கில் புகை மாதிரி வானத்தில் சுழன்றுவிட்டுப் பாலத்துக்கு அடியில் போய் அடையும். அதற்கும் டிக்கெட் இல்லை.

மெட்ராஸ்_மீனா

போய் வந்துவிட்டோம்! எல்லோருக்கும் நன்றி. விவரமாகவே சொல்கிறேன்.

கார் வேண்டாம் என்று ரயிலில் போனோம். பெரியவர்கள் மூன்று பேர் என்பதால் குழுத் தள்ளுபடியில் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்தக் காசிலேயே பாதி மீன் வந்துவிட்டது.

ஒரே கடையில் ஐந்து பேரையும் திருப்திப்படுத்தும் ஆசையை ரயிலிலேயே கைவிட்டோம். நானும் பிள்ளைகளும் பார்ட்ஸ்லிஸ், கணவரும் மாமியாரும் பிரின்ஸ் ஜார்ஜ். மாமியார் பப் என்றதும் முதலில் முகத்தைச் சுளித்தார். "அங்கே முட்டைக்கோஸ் கூட மாமிசத்தோடு சேராதும்மா" என்று கணவர் சொன்னதும், "சரி, உன் அப்பாவுக்கு மட்டும் சொல்லிவிடாதே" என்று கிளம்பிவிட்டார்.

மீன் வந்தது. அன்ரி சொன்னபடி ராக் ஒன்று, காட் ஒன்று, மூவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டோம். மாவு காதில் கேட்கிற மாதிரி நொறுங்கியது. பிளந்தால் ஆவி வந்தது. போன தடவை பட்ட சூட்டில் (சூடே இல்லாததில்!) நான் விரலை விட்டே பார்த்தேன். சின்னவன் நடுக்குருத்தை உருவி வாள் மாதிரி வைத்துக்கொண்டு விளையாடினான். கணவருக்கு ஒரு துண்டு பொட்டலம் கட்டிக்கொண்டேன். இரண்டு கோஷ்டியின் பில்லையும் கூட்டினால் 80ஐத் தொடவில்லை. நாங்கள் மூவரும் குழாய்த் தண்ணீர்தான்.

அலையோசை கோபித்துக்கொள்ள வேண்டாம், ரீஜென்சி வாசலிலும் எட்டிப் பார்த்தோம். வரிசை தெரு வரைக்கும் நின்றது. பிறகு அந்த இரும்புக்கூட்டை எதிரே கூழாங்கல் மேல் உட்கார்ந்து பார்த்தோம். மெரினா மணல் மாதிரி நினைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றிய மாமியார் மூன்றாவது அடியிலேயே மாட்டிக்கொண்டார்.

பாஸ்கெட்மேக்கர்ஸுக்குக் கணவர் தனியாகப் போவதாகத்தான் திட்டம். மாமியார், "எனக்கும் கால் வலிக்கிறது, நானும் வருகிறேன்" என்று கூடவே போய்விட்டார். நானும் பிள்ளைகளும் சிட்னி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். முக்கால் மணி நேரம் கழித்துப் போய்க் கதவருகே நின்று கூப்பிட்டால், கணவர் ஒரு மூலையில் பாதி கிளாஸோடு இருக்கிறார். மாமியார் எலுமிச்சை சோடாவும் மூக்குக்கண்ணாடியுமாக ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து படித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து மேசைப் பெரியவர் மேல் வரிசை டப்பாக்களை எடுத்துக் கொடுக்கிறார். இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை.

ஹோவ்_அன்ரி

உங்கட மாமியாரை எனக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு. அவவும் ஏதாவது எழுதிப் போட்டவவோ?

மெட்ராஸ்_மீனா

போட்டார் அன்ரி. என்ன எழுதினார் என்று யாருக்கும் சொல்ல மறுக்கிறார். தமிழில்தான் எழுதியிருக்கிறார், ரயில் டிக்கெட் ரசீதின் பின்பக்கம்.

ட்ரஃபால்கர்_ராஜா

எந்த டப்பா? புதன்கிழமை நான் அந்தப் பக்கம்தான் போகிறேன்.

மெட்ராஸ்_மீனா

சிவப்பு பிஸ்கட் டப்பா, மூடியில் குதிரை வண்டி. படித்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள் சார். இங்கே போடாதீர்கள், அவர் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்துவிட்டார்.